செக்ரோலும் மரபணுப் பேரேடும்

2015-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் விஞ்ஞான உலகம் ஒரு பெரும் பேரேட்டை எழுதி முடித்தது. ‘ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டம்’ என்பது அதன் பெயர். பெயரில் ஆயிரம் என்றிருப்பினும், உலகின் 26 மக்கட் குழுவினரிடமிருந்து 2,504 பேரின் மரபணுத்தொகை அதில் பதியப்பட்டது. நோயுற்ற குழந்தையொன்றின் மரபணுவில் ஏதேனும் ஒரு மாற்றத்தைக் காணும் மருத்துவர், இது நோயின் காரணமோ, அன்றி நலமாயிருக்கும் மனிதரிடையேயும் சாதாரணமாகக் காணப்படுவதோ என்று ஐயுறும்போது புரட்டிப் பார்க்கும் ஏடுகளுள் இதுவும் ஒன்று.

அப்பேரேட்டில் தெற்காசியாவின் பெயரால் ஐந்து குழுவினர் இடம்பெற்றுள்ளனர். லாகூர்ப் பஞ்சாபியர், வங்காளதேசத்து வங்காளியர், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வாழும் குஜராத்தியர், பிரித்தானியாவில் வாழும் தெலுங்கர், பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் என்போரே அவர்கள். இலங்கைத் தமிழர் என்னும் தலைப்பின் கீழ் 102 பேர் உள்ளனர். இந்திய மண்ணிலிருந்து ஒரு துளிக் குருதியும் அதற்கெனப் பெறப்படவில்லை. இலங்கை மண்ணிலிருந்தும் பெறப்படவில்லை. பிரித்தானியாவுக்குக் குடிபெயர்ந்த நம் நாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் வடக்கையும் கிழக்கையும் சேர்ந்தவர்கள். அவர்களுள்ளும் பலர் 1983-க்குப் பின்னர் போரின் கொடுமையால் அகதிகளாய்ச் சென்றவர்கள். பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் கொழுந்து பறிப்பவரின் பிள்ளைகள் லண்டன் சென்று குடியேறியது மிக அரிது. ஆகவே ‘இலங்கைத் தமிழர்’ என்று உலகம் வாசிக்கும் அந்தப் பக்கத்தில் ஊவாத் தோட்டங்களின் மனிதரைத் தேடுவது வீண்வேலை. வடபுலத்துச் சகோதரர் அதில் இடம்பெற்றதைப் பற்றி எனக்கு மனக்குறை ஏதுமில்லை; அவர்களும் ஊரை இழந்த பின்னரே அப்பேரேட்டுக்குள் நுழைந்தனர் என்பதை மறக்க இயலாது.

தமிழிலக்கியம் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் மரபணுவைப் பற்றி எழுதப் புகுவானேன் என்று வாசகர் வினவலாம். காரணம் ஒரு தாய். பதுளைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து தன் மகனைப் பாடசாலையிற் சேர்ப்பதற்காக வந்திருந்தாள். ஒன்பது வயதுப் பையன்; பேச்சில்லை. முகம் பார்ப்பதில்லை. மேசை மீதிருந்த சுண்ணக்கட்டிகளை நீளவாக்கில் அடுக்கினான். ஒன்றை நான் எடுத்தபோது அலறினான். தோட்டத்தில் ஊமை என்றார்களாம். முனி அடித்துவிட்டது என்றார்களாம். கோடாங்கியிடமும் கோயிலுக்கும் கொண்டுபோனார்களாம். இறுதியில் நகரத்துக் கிளினிக்கொன்றில் ‘ஓட்டிசம்’ என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்கள். அத்துடன் வேறொன்றும் சொல்லியிருக்கிறார்கள். அதைத்தான் அவள் என்னிடம் கேட்டாள்: “சொந்தத்துல கட்டுனதாலதான் இப்புடின்னு சொன்னாங்க சேர். எங்க ரத்தத்துலதான் குத்தமா?”

அவளுக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. பின்னர் தேடிப் படித்தவற்றின் ஒரு பகுதியே இக்கட்டுரை.

ஓட்டிசம் என்னும் நிலைக்குத் தமிழில் மதியிறுக்கம் என்றும் வேறு பலவாறும் பெயரிட்டிருக்கின்றனர். நம் மக்களின் வாயில் நிலைத்துவிட்ட சொல்லையே இங்கு ஆள்கிறேன். இந்நிலையை முதன்முதலில் விரிவாக வருணித்தவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர். 1943-இல் அவர் எழுதிய கட்டுரையில் பதினொரு குழந்தைகளைப் பற்றிக் கூறினார். அக்குழந்தைகளின் பெற்றோர் எல்லாரும் மிகுந்த கல்வியும் அறிவும் உடையவர்கள் என்பதை அவர் வியந்து குறிப்பிட்டார். பதினொரு குடும்பங்களுள் எட்டுக் குடும்பத்தவரின் பெயர்கள் அமெரிக்கப் பிரமுகர் அகராதியிலோ விஞ்ஞானிகள் அகராதியிலோ அச்சேறியிருந்தன. இதிலிருந்து உலகம் என்ன முடிவுக்கு வந்தது? ஓட்டிசம் கற்றவர் வீட்டு நோய், உயர்குடியினரின் நோய் என்ற முடிவுக்கு!

எளிய கேள்வி ஒன்றை ஒருவரும் நெடுங்காலம் கேட்கவில்லை. பேசாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நாட்டின் புகழ்பெற்ற பல்கலைக்கழக மருத்துவமனை வரை சென்று, அங்குள்ள பேராசிரியரைக் கண்டு வர அக்காலத்தில் யாரால் முடிந்திருக்கும்? சுரங்கத் தொழிலாளியாலா? பருத்திக் காட்டுக் கூலியாலா? 1980-இல்தான் லோர்னா விங் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இதை ஆராய்ந்து, வர்க்க வேற்றுமை நோயிலன்று, நோயாளர் தெரிவிலேயே உள்ளது என்று எடுத்துக்காட்டினார். மகளொருத்தி ஓட்டிச நிலையிற் பிறந்ததனால் இத்துறைக்கு வந்தவர் அவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. கானருக்கும் விங்குக்கும் இடையே முப்பத்தேழு ஆண்டுகள். அவ்வளவு காலமும் ஏழை வீட்டு ஓட்டிசப் பிள்ளைகள் இல்லாமற் போனார்களா? இருந்தார்கள், மூடர் என்றும் பைத்தியம் என்றும் வேறு பெயர்களில் வேறு கட்டிடங்களில் இருந்தார்கள்.

இதே காலத்தில் பழி சுமத்தும் வேலையும் நடந்தது. குளிர்ந்த நெஞ்சுடைய தாயே பிள்ளையை இந்நிலைக்கு ஆளாக்கினாள் என்ற கொள்கை கற்றோரிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அதைப் பாமரர் வரை கொண்டு சென்றது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, ஓட்டிச மகனொருவனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட், காரணம் உடலியலில் உள்ளது என்று வாதித்து ஒரு நூல் எழுதியிருந்தார். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தனர். ஒரு கருவில் பிரிந்த பதினொரு சோடிகளுள் நான்கில் இருவருமே ஓட்டிச நிலையினர். இரு கருவில் உருவான பத்துச் சோடிகளுள் அவ்வாறு ஒன்றுமில்லை. தாயின் நெஞ்சு குளிர்ந்தது என்ற கதை அத்துடன் சரியத் தொடங்கியது. மரபியல் ஆராய்ச்சி தாய்மாரை விடுவித்தது என்று கூறினால் மிகையாகாது. எனினும், நெஞ்சின் மீது சுமத்திய பழியை எடுத்து இரத்தத்தின் மீது வைப்பதற்கு அதே ஆராய்ச்சியைச் சிலர் கருவியாக்கிக் கொள்கின்றனர். பதுளைத் தாயிடம் சொல்லப்பட்டது அதுவே.

வர்க்கத்தின் கதை நிறத்தின் கதையாகவும் தொடர்ந்தது. 2002-இல் ஃபிலடெல்ஃபியா நகரில் அரசின் மருத்துவ உதவி பெறும் ஏழைக் குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. வெள்ளைக் குழந்தைக்கு ஓட்டிசம் என்று கண்டறியப்பட்ட சராசரி வயது 6.3, கறுப்புக் குழந்தைக்கு 7.9. அமெரிக்க அரசின் கணக்கெடுப்புகளில் நீண்ட காலம் வெள்ளைக் குழந்தைகளிடையேதான் ஓட்டிசம் அதிகம் என்று காணப்பட்டது. 2020-ஆம் ஆண்டுக்குரிய கணக்கு 2023-இல் வெளியானபோது முதன்முறையாக அது தலைகீழாயிற்று. வெள்ளையரை விட மற்றையோரிடையே வீதம் கூடியிருந்தது. இருபது ஆண்டுகளில் மனிதரின் இரத்தம் மாறிவிடவில்லை. கதவுகள் சிறிது திறந்தன, அவ்வளவே.

இனி மரபணு ஆராய்ச்சிக்கு வருவோம். ஆராய்ச்சிக்குக் குருதி கொடுப்போர் யாவர்? முன்னரே கண்டறியப்பட்டவர்கள். கண்டறியப்பட்டவர்கள் யாவர்? கதவைக் கடந்தவர்கள். ஆகவே கானரின் பதினொருவரிடம் நேர்ந்த தவறு ஆயிரம் மடங்காகப் பெருகி மரபணு ஏடுகளில் அமர்ந்துகொண்டது. 2019-இல் வெளிவந்த பெரும் ஓட்டிச ஆய்வொன்றில் ஓட்டிச நிலையினர் 18,381 பேரும், ஒப்பீட்டிற்கென மற்றோர் 27,969 பேரும் இடம்பெற்றனர். அவர்கள் ஐரோப்பிய மரபினர். பெரும்பாலோர் டென்மார்க் நாட்டவர். டென்மார்க்கில் 1980-களின் தொடக்கத்திலிருந்து பிறந்த குழந்தை ஒவ்வொன்றின் குதிகாலிலிருந்தும் எடுத்த குருதித் துளி, தாளில் உலர்த்திப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பிறந்த நாள் முதல் அந்நாட்டுக் குழந்தை விஞ்ஞானத்தின் கண்ணில் இருக்கிறது. ஊவாத் தோட்டங்களிலோ, பிறப்புச் சான்றிதழ் இல்லாமலே வளர்ந்து, தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயதில் பெற்றோரோடு காரியாலயம் காரியாலயமாக அலைந்த பிள்ளைகளை என் தலைமுறையினர் எல்லாரும் அறிவர்.

பொதுவாக மரபணு ஆய்வுகளை எடுத்துக்கொண்டாலும் நிலைமை இதுவே. 2009-இல் அவற்றிற் பங்கு கொண்டோரில் நூற்றுக்கு 96 பேர் ஐரோப்பிய மரபினர். 2016-இல் அது 81 ஆகக் குறைந்தது; குறைவை ஈடுசெய்தோர் பெரும்பாலும் ஆசிய மரபினர். ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க, பழங்குடி மரபினர் எல்லாரும் சேர்ந்தும் நூற்றுக்கு நால்வர் தேறவில்லை.

இதனால் நமக்கு என்ன நட்டம்? ஊரில் ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார் என்று கொள்வோம். அவரது ஏட்டில் மேற்கணக்கு லயத்தாரின் முகங்கள் மட்டுமே வரையப்பட்டுள்ளன. கீழ்க்கணக்கு லயத்திலிருந்து ஒருவன் வந்தால் அவனைக் கண்டு, ‘இவன் அந்நியன், ஐயத்துக்குரியவன்’ என்பார். அவன் பக்கத்து லயத்தான் என்பதை அறியும் வழி அவருக்கில்லை. மரபணுத் திரிபுகளும் இவ்வாறே. நம் மக்களிடையே சாதாரணமாகக் காணப்படும் ஒரு திரிபு, ஐரோப்பியரின் ஏட்டில் இல்லாததனால், நோயின் காரணம் என்று தவறாகக் கொள்ளப்படலாம். அல்லது ‘பொருள் தெரியாத திரிபு’ என்று எழுதிப் பெற்றோர் கையில் கொடுக்கப்படலாம். இவ்விரண்டாவது விடை ஐரோப்பியரல்லாத குடும்பங்களுக்கே அதிகமாகக் கிடைக்கிறது. இதய நோயில் இந்தத் தவறு நேர்ந்தமை 2016-இல் வெளிப்பட்டது. இதயத்தசை தடித்தலுக்குக் காரணம் என்று கறுப்பின அமெரிக்கர் பலருக்குச் சொல்லப்பட்ட திரிபுகள், உண்மையில் அவர்களிடையே நலமானோரிடமும் காணப்படும் தீங்கற்ற திரிபுகளே. தொடக்க ஆய்வுகளில் கறுப்பினத்தார் சிறு எண்ணிக்கையினரேனும் சேர்க்கப்பட்டிருந்தால் அத்தவறு நேர்ந்திராது என்று ஆய்வாளரே எழுதினர்.

மற்றொரு நட்டம் இதனினும் பெரிது. ஐரோப்பியரிடையே அரிதாகவும் வேறிடத்தில் தெளிவாகவும் தென்படும் காரணங்கள் உண்டு. 2012-இல் துருக்கி, எகிப்து, லிபியா ஆகிய நாடுகளின் வழிவந்த, உறவுக்குள் மணம் செய்த குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், ஓட்டிசமும் வலிப்பும் சேர்ந்து வரும் ஒரு நிலைக்குக் காரணமான மரபணுவைக் கண்டனர். உடலிற் சில அமினோ அமிலங்கள் அளவுக்கு மேல் எரிந்து தீர்ந்துவிடுவதே அந்நிலையின் இயல்பு. எரிவதை உணவால் ஈடுசெய்தபோது, முதலில் எலிகளிடமும் பின்னர் குழந்தைகளிடமும் பயன் காணப்பட்டது. எவ்வளவு இளமையிற் தொடங்கினரோ அவ்வளவுக்கு நன்மை. அந்நிலை மிக அரியது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஓட்டிசம் முழுவதும் குணப்படுத்த வேண்டிய நோய் என்று சொல்வதும் என் கருத்தன்று. ஓட்டிச நிலையினர் பலர் அதைத் தம் இயல்பென்றே கூறுகின்றனர். ஆயினும் ஒரு குழந்தையின் வலிப்பை உணவால் தணிக்க முடியுமானால், அதை அறியும் வாய்ப்பு லயத்துக் குழந்தைக்கு மறுக்கப்படலாமா? உறவு மணத்தைப் பழியாக்கிப் பேசும் அதே உலகத்தில், உறவு மணக் குடும்பங்களே இந்த அறிவை மருத்துவத்துக்கு ஈந்தன.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மரபு வேறுபாட்டை ஆராய வேண்டும் என்றவுடன், தமிழனின் ஓட்டிசம் வேறு, வெள்ளையனின் ஓட்டிசம் வேறு என்று சிலர் கற்பனை செய்வர். அண்மையில் இலத்தீன் அமெரிக்க மரபினர் பதினையாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்த கூட்டு முயற்சி இதற்கு நேர்மாறான முடிவையே தந்தது. ஓட்டிசத்தோடு தொடர்புள்ள மரபணுக்கள் அங்கும் பெரும்பாலும் அவையே. மனித குலம் ஒன்றே. ஏடுதான் அரைகுறையாய்க் கிடக்கிறது.

நம்முடைய பக்கம் எவ்வாறிருக்கும்? அதை எழுத முற்படுபவர் முதலில் தோட்டத்தின் வரலாற்றைக் கற்க வேண்டும். கோப்பிக் காலத்திலும், 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்ததன் பின்னர் தேயிலைக் காலத்திலும், திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து நம் முன்னோர் வந்தனர். தனித்தனி மனிதராய் வந்தவர் சிலரே. கங்காணி தன் ஊரில், தன் உறவில், தன் சாதியில் ஆள் திரட்டினான். மாமனும் மச்சானும் பங்காளியுமாக ஒரு கூட்டம் ஒரே தோட்டத்துக்கு ஏறியது. அவர்களில் பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட சாதியினர், நிலமற்றவர்கள். தோட்டத்தில் முறைப்பெண்ணைக் கொள்ளும் வழக்கம் தொடர்ந்ததற்குப் பண்பாடு மட்டுமே காரணமன்று. தோட்ட எல்லையே உலகமாய், துரையின் அனுமதியே பயணச்சீட்டாய் இருந்த வாழ்வில் பெண் தேடி யார் எங்கே போவது?

சாதிக்குள் மணம் என்னும் நெடுநாள் வழக்கத்தின் தடம் இரத்தத்தில் இருக்கிறது. 2017-இல் தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்தவர்கள், அவற்றுள் 81 குழுக்களில், ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதரையும் விட வலுவான முறையில், சிறு எண்ணிக்கை முன்னோரின் வழிவந்த தடயத்தைக் கண்டனர். வைசியர் எனும் வணிகச் சாதியாரிடையே ஒருவகை மயக்க மருந்து நெடுநேரம் நீங்காது நிற்கும் தன்மை மிகுதி என்பதை இந்திய மருத்துவர் அனுபவத்தில் முன்னரே அறிவர். அத்தகைய அறிவு பள்ளர், பறையர், சக்கிலியர் குடும்பங்களைப் பற்றியும் திரட்டப்பட வேண்டும். ஆனால் சாதியை விஞ்ஞானத்தின் பெயரால் மீண்டும் நிலைநிறுத்துவதற்கு அது வழியாகிவிடக் கூடாது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதியாரின் மூக்கையும் மண்டையையும் அளந்து 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கின் அகலத்தால் மனிதரை மேல் கீழ் என்று அடுக்கிய காலம் அது. அளவுகோல் மாறிவிட்டது, அடுக்கும் ஆசை மறைந்துவிட்டதா?

நம் பெயரே ஒரு சிக்கல். 1911-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பிரிவு முதன்முதலாக வந்தது. பின்னர் வந்த மதிப்பீடுகளில், அச்சத்தாலும் நாட்டுரிமை பற்றிய ஐயத்தாலும், தோட்ட மக்கள் பலர் தம்மை இலங்கைத் தமிழர் என்றே பதிந்துகொண்டனர். 2012-இல் பதுளை மாவட்டத்தில் ஐவரில் ஒருவருக்குச் சற்றே குறைவானோர் இந்தியத் தமிழராகப் பதியப்பட்டனர்; உண்மைத் தொகை அதனினும் கூடும். இவ்வாறு அரசியல் எழுதிய பெயரை அப்படியே மரபுவழிப் பெயராய் எடுத்துக்கொள்ளும் ஆராய்ச்சி எங்கே போய் முடியும்? இன்னொன்றும் உண்டு. 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30-இல் இரு பிரதமர்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ள. அண்ணன் பசறையில் நின்றான். தம்பி கோத்தகிரியிலோ கூடலூரிலோ போய்த் தேயிலைச் செடியையே மறுபடி பிடித்தான். ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள் இன்று இரு நாட்டின் ஏடுகளில். இந்தியா ஏறக்குறைய பத்தாயிரம் பேரின் மரபணுத்தொகையைத் திரட்டி 2025-இல் ஆய்வாளருக்குத் திறந்து வைத்தது. நம் குடும்பங்களைப் பற்றி முழுமையாக அறிய விரும்புவோர் கடலின் இரு கரையிலும் தேட வேண்டும்.

ஆராய்ச்சியாளர் நம்மை ஒருபோதும் தேடி வந்ததில்லை என்று எண்ண வேண்டா. தேடி வந்தார்கள்; அதுவும் ஒரு வரலாறு. மண்டபம் முகாமில் நம் முன்னோரின் உடல் சோதிக்கப்பட்டது; அம்மை குத்தப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகரத் துண்டு கழுத்தில் மாட்டப்பட்டது. செக்ரோலில் நாள்தோறும் பெயர் ஏறியது. மனிதரை இவ்வளவு நுணுக்கமாக எண்ணிய வேறோர் இடம் இலங்கையில் இருந்திருக்குமோ என்பது ஐயம். 1916-இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். மலத்தைச் சோதித்து, செனப்போடியம் என்னும் எண்ணெயைக் குடிக்கக் கொடுத்தனர். புழுவால் சோகை பிடித்த கூலி குறைவாக உழைக்கிறான் என்பதே துரைமாரை அத்திட்டத்துக்கு இணங்க வைத்த வாதம். எண்ணெய் புழுவைக் கொன்றது. மலகூடங்கள் கட்டுவதற்குத்தான் துரைமாருக்கு மனம் வரவில்லை. வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்தவர்களைப் புழு மீண்டும் பற்றியது. சோதனை ஒருபுறம் நடக்க, வாழ்க்கை நிலை மாறாமல் கிடந்தால் என்னவாகும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

எனவே நாளை யாரேனும் பஞ்சுத்துண்டும் ஊசியும் கொண்டு நமுனுகுல மலைச்சாரலுக்கு ஏறி வந்தால், கைநீட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அமெரிக்காவின் ஹவாசுப்பாய்ப் பழங்குடியினர் 1990 முதல் பல்கலைக்கழகத்தாருக்குக் குருதி கொடுத்தனர். நீரிழிவுக்கு வழி காணும் ஆராய்ச்சி என்றே நம்பினர். பின்னர் அதே குருதி மனநோய் பற்றியும், அவர்களின் உறவு மணம் பற்றியும், அவர்கள் எங்கிருந்து வந்தனர் என்பது பற்றியும் ஆராயப் பயன்பட்டதை அறிந்து வழக்குத் தொடுத்தனர். 2010-இல் இழப்பீடும் பெற்றனர். மிஞ்சிய குருதியையும் திரும்பப் பெற்று வந்தனர். எழுத வாசிக்க அறியாத தாயிடம் ஆங்கிலப் படிவத்தில் பெருவிரல் ரேகை பெறுவது சம்மதமாகாது. எதற்காக, எவ்வளவு காலம், யார் கையில், முடிவை யார் வந்து தமிழில் சொல்வர் என்பவை முன்னரே தீர வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையோடு இதனையும் தம் கடமையாகக் கொண்டாலென்ன?

குருதிக்கு முன் கண்டறிதல். இலங்கையில் ஓட்டிசத்தைப் பற்றிப் பேசுவோர் 93-இல் ஒரு குழந்தைக்கு என்ற கணக்கை எடுத்தாள்வதுண்டு. மருத்துவர் ஹேமமாலி பெரேராவும் உடனாய்வாளரும் 2009-இல் வெளியிட்ட முன்னோடி ஆய்விலிருந்து வந்தது அது; பாதி நகர்ப்புறச் சமூகம் ஒன்றில் 18 முதல் 24 மாத வயதுடைய 374 குழந்தைகளை ஆராய்ந்தனர். நால்வர் கண்டறியப்பட்டனர். வழிகாட்டிய ஆய்வு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த 374 பேரை வைத்து லயத்துக் குழந்தைகளைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அவரே பின்னர், நம் நாட்டுத் தாய்மார் பார்த்தே விடை கூறத்தக்க படங்களால் ஆன சோதனை முறை ஒன்றையும் உருவாக்கினார். அத்தகைய படங்களைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டு செல்லலாம் அல்லவா? கைக்குழந்தை முதல் பள்ளிக்குப் போகும் வயதுவரை ஒரு தோட்டத்தின் குழந்தைகள் எல்லாரும் நாள் முழுவதும் ஒரு கூரையின் கீழ் இருக்கும் இடம் அது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை எது, விரல் நீட்டிக் காட்டாத குழந்தை எது என்பதை அங்குள்ள பெண்ணைவிட முன்னதாக அறியக்கூடியவர் எவருமில்லை. டென்மார்க்கின் குருதித் தாள் நமக்கு இல்லை, பிள்ளைக்காம்பரா இருக்கிறது.

அங்கிருந்து மருத்துவமனை வரையுள்ள பாதைதான் நீளம். தோட்ட வைத்தியசாலையிலிருந்து பதுளை; பதுளையிலிருந்து பெரும்பாலும் கொழும்பு அல்லது ராகமை. ஒவ்வொரு பயணமும் தாய்க்கு ஒரு நாட் பேர் இழப்பு. பேசாத பிள்ளையின் பேச்சைச் சோதிப்பவர் அப்பிள்ளையின் வீட்டு மொழி அறியாதவராயிருந்தால், சோதிக்கப்படுவது பிள்ளையா, மொழியா? தமிழ் பேசத் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் மலையகத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதை நம் பல்கலைக்கழகங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞானம் பயிலும் தமிழ்ப் பாடசாலைகள் ஊவாவில் எத்தனை என்ற கேள்வியோடு அது சென்று முட்டும்.

சென்ற தவணையின் இறுதியில் அந்தத் தாய் மறுபடி வந்தாள். நான் படித்ததைச் சொன்னேன். பெரும்பாலான ஓட்டிசத்துக்கு ஒரு மரபணு காரணமன்று, நூற்றுக்கணக்கானவை உண்டு என்றும், சில மாற்றங்கள் தாயிடமும் தந்தையிடமும் இல்லாமல் குழந்தையிடமே புதிதாகத் தோன்றுபவை என்றும், உறவில் மணந்தால் சில அரிய நோய்களுக்கு வாய்ப்புச் சற்றுக் கூடுமேயன்றி அவள் மகனுக்கு அதுதான் காரணம் என்று எந்தச் சோதனையும் சொல்லவில்லை என்றும் கூறினேன். “அப்ப குத்தமில்லைங்களா?” என்றாள். இல்லை என்றேன். சிறிது நேரம் பேசாமலிருந்தாள். பிறகு சேலைத் தலைப்பிலிருந்து கிளினிக் துண்டை எடுத்து நீட்டினாள். அடுத்த மாதம் திகதி கொடுத்திருந்தார்கள். பையன் எப்போது நடந்தான், எப்போது சொல் நின்றது, எதற்கு அலறுகிறான் என்பதையெல்லாம் சிங்களத்தில் ஒரு தாளில் எழுதித் தருமாறு கேட்டாள். போன முறை அவள் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லையாம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எழுதத் தொடங்கினேன். பையன் என் மேசையிலிருந்த சுண்ணக்கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இம்முறை நான் ஒன்றையும் எடுக்கவில்லை.